கரிசல் மண்ணில் ஒரு வெளித்தளம்

வீட்டுக்கு வெளியே, மழையும் வெயிலும் நேராக விழுகிற இடத்தில் போர்சலின் டைல்ஸ் பதிக்கப் போகிறீர்களா? டைல்ஸ் கடைக்குப் போகுமுன் மண்ணைப் பாருங்கள். கோவில்பட்டி வட்டாரத்தில் வீடு கட்டிக் கொடுக்கிறவன் நான். எங்கள் ஊர் கரிசல், மழை பெய்தால் உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கி, கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் நேராக ஜல்லி கொட்டித் தளம் போட்டால் தளமும் மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டைல்ஸும் அதில் நிற்காது.

ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் வீட்டுப் பின்புறத்தில் பழைய சிமென்ட் தளம் இருந்தது. “தம்பி, இதுக்கு மேலேயே ஒட்டிரலாம்லா?” என்று கேட்டார். ஒட்டலாம், அடித்தளம் உறுதியாக இருந்தால். எங்கள் கொத்தனார் அண்ணாச்சி சுத்தியலின் பின்பக்கத்தால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று கேட்ட சத்தம் நடுவில் பொத்தென்று மாறியது. அங்கே அடியில் மண் இறங்கிவிட்டது. பிறகு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினோம். அது தோட்டத்துப் பக்கம் ஓடாமல் வீட்டுச் சுவரை ஒட்டித் தேங்கியது. “டீச்சர், உடைச்சிருவோம்” என்றேன். அவருக்கு மனசில்லை. தேங்கிய தண்ணீரைக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார்.

ஒன்றரை அடி கரிசலை அள்ளிவிட்டு கிராவல் கொட்டினோம். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடி இறுகாது. அரை அடிக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்து, மெஷின் வைத்து இறுக்க வேண்டும். குதிகாலை ஊன்றித் திருகினால் தடம் விழக்கூடாது. அதன் மேல் நான்கு இஞ்ச் கான்கிரீட், நடுவில் கம்பி வலை. வலை மண்ணில் கிடந்தால் பயனில்லை, அடியில் கவர் பிளாக் வைத்துத் தூக்கியாக வேண்டும்.

வாட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வீட்டுப் பக்கமிருந்து வெளியே, பத்தடிக்கு ஒன்றரை இஞ்ச் இறக்கம் கொடுங்கள். நடந்தால் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். டியூப் மட்டம் பிடித்துச் சுவரில் கோடு போட்டு, நூல் கட்டி, அந்த நூலுக்கே கான்கிரீட்டை இழுக்க வேண்டும். “பசையில சரி பண்ணிக்கலாம்” என்று சொல்கிற ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். டைல்ஸ் பசை மெல்லிசாகப் பூசுவதற்கானது. பள்ளத்தை நிரப்பக் கனமாக அப்பினால் காயும்போது சுருங்கி விட்டுவிடும். டைல்ஸ் பதித்து முடித்த மட்டமும் வீட்டுத் தரையைவிட அரை அடியாவது கீழே இருக்கட்டும். ஐப்பசி அடைமழையில் தெறிக்கிற தண்ணீர் வாசற்படி ஏறக்கூடாது.

கான்கிரீட்டின் மேற்பரப்பைக் கண்ணாடி மாதிரி தேய்க்கச் சொல்லாதீர்கள். மரப்பலகை மட்டத்தில் சொரசொரப்பாக விட்டால்தான் பசை பிடிக்கும். சாக்குப் போட்டு ஒரு வாரமாவது நனைத்து வைத்து, மொத்தம் 28 நாள் விட்டுவிடுங்கள். கிரகப்பிரவேசத் தேதி குறித்துவிட்டதாக எல்லோரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். சீக்கிரம் பதித்தால், கான்கிரீட் காய்ந்து சுருங்குகிற இழுப்பு முழுவதும் டைல்ஸ் மேல் விழும்.

போர்சலின் ஏன் இவ்வளவு கண்டிப்பு கேட்கிறது? அது தண்ணீர் குடிக்காத ஓடு. நூறு கிராம் எடைக்கு அரை கிராம் தண்ணீர்கூட உறிஞ்சாது. அதனால்தான் வெளியே போட ஏற்றது. அதனால்தான் வெறும் சிமென்ட் பாலும் அதில் ஒட்டாது. உள்ளே புகுந்து பிடிக்கத் துளை இல்லை. பாலிமர் கலந்த டைல்ஸ் பசைதான் வேண்டும், மூட்டையில் வெளிப்புறத்துக்கு என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

டைல்ஸைத் திருப்பிப் பார்த்தால் பின்புறம் வெள்ளையாக ஒரு பொடி இருக்கும். சூளையில் ஒட்டாமல் இருக்கப் பூசுவது அது. ஈரத்துணியால் துடைத்தெடுத்த பிறகே பசை தடவ வேண்டும். பல்லுக் கரணையால் தளத்தில் ஒரே திசையில் கோடு இழுத்து, டைல்ஸின் முதுகிலும் மெல்லிசாகப் பூசி, அழுத்திப் பதியுங்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்துப் பதிப்பது வெளித்தளத்துக்கு ஆகவே ஆகாது. இடைவெளியில் தண்ணீர் தங்கும், நாற்காலிக் கால் பட்டால் மூலை தெறிக்கும். டீச்சர் வீட்டில் அண்ணாச்சி அவ்வப்போது ஒன்றைப் பெயர்த்துக் காட்டினார். முதுகு முழுக்கப் பசை அப்பியிருந்தது.

டைல்ஸுக்கு நடுவே ஐந்து மில்லிமீட்டர் சந்து விடுங்கள். பத்தடிக்கு ஒரு இடத்திலும், சுவரைத் தொடுகிற ஓரத்திலும் கிரவுட் அடைக்காமல், வளைந்து கொடுக்கிற சீலன்ட் போடுங்கள். கான்கிரீட் கண்டபடி வெடிக்காமலிருக்க அதில் வெட்டிவிடுகிற சந்து எங்கே இருக்கிறதோ, டைல்ஸிலும் அதே நேர்கோட்டில்தான் அது வர வேண்டும். கான்கிரீட் போடுவதற்கு முன்பே டைல்ஸ் அளவைத் தெரிந்துகொண்டால் இது சுலபம். டீச்சர் வாங்கியது இரண்டடிக்கு இரண்டடி. அதற்குத் தக்கபடி கான்கிரீட்டைப் பத்தடியில் வெட்டினோம்.