எல்லா வேலையும் முடிந்தது என்று நிரலுக்கு எப்படித் தெரிகிறது?

மூன்று அடுப்பில் சோறு, சாம்பார், ரசம். எப்போது இலை போடுவீர்கள்? மூன்றும் இறங்கிய பிறகுதானே!

கோ நிரல்மொழியின் 'வெயிட்குரூப்' இதற்கு ஓர் எண்ணை வைத்திருக்கிறது. வேலையை ஏவும்போது ஒன்று கூட்டுவோம். முடிந்ததும் ஒன்று கழியும். காத்திருக்கும் நிரல் அடிக்கடி மூடியைத் திறந்து பார்ப்பதில்லை. தூங்கும், பூஜ்யம் ஆனதும் எழுப்பப்படும்.

எங்கே சொதப்பும் தெரியுமா? கூட்டும் பொறுப்பை அந்த வேலையிடமே விட்டால். அது தொடங்குவதற்குள் நிரல் எண்ணைப் பார்க்கும்: பூஜ்யம். 'முடிந்தது' என்று கிளம்பிவிடும். வெறும் இலை! இப்படி நானும் அரைநாள் தொலைத்திருக்கிறேன்.

சரி, ரசம் தீய்ந்தால், அதாவது ஒரு வேலை தோற்றால்? ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இப்படிக் காத்திருக்க உதவும் 'பிராமிஸ்.ஆல்' உடனே கையை விரித்துவிடும், மற்ற அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தாலும். 2020இல் வந்த 'ஆல்செட்டில்டு' பொறுமைசாலி: தீய்ந்ததோ வெந்ததோ, எல்லாம் இறங்கும்வரை காத்திருக்கும்.