வெளியேறிய ஊழியரும் வெளியேறாத கணக்கும்

திருகோணமலையை எரிசக்தி மையமாக வளர்த்தெடுப்பதற்கான உடன்பாட்டில் இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்று நாடுகளும் 2025 ஏப்ரல் 5ஆம் திகதி கைச்சாத்திட்டன. சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றியும் இந்தியாவிலிருந்து வரவிருக்கும் குழாய்வழியைப் பற்றியும் நிறையவே பேசப்பட்டுவிட்டது. அவற்றை நிர்வகிக்கப்போகும் அலுவலகக் கணினிகளைப் பற்றி அத்தனை தூரம் பேசப்படவில்லை. அமெரிக்காவின் அனுபவம் அதையும் பேச வேண்டும் என்கின்றது.

2021 மே 7ஆம் திகதி, அந்நாட்டின் கிழக்குக் கரையோர எரிபொருள் தேவையில் ஏறத்தாழ 45 வீதத்தைச் சுமந்து செல்லும் கொலோனியல் நிறுவனத்தின் 5,500 மைல் குழாய்வழி நிறுத்தப்பட்டது. எரிபொருள் நிலையங்களில் வரிசைகள் நீண்டன. குழாயில் எவரும் கை வைக்கவில்லை. அலுவலகக் கணினிகளைத்தான் கப்பம் கோரும் கும்பலொன்று முடக்கியிருந்தது. பாதிப்பு பரவிவிடும் என்றஞ்சி நிறுவனமே குழாய்வழியை மூடியது. கப்பமாகச் செலுத்தப்பட்டது 75 பிட்கொயின். அன்றைய பெறுமதியில் சுமார் 44 இலட்சம் டொலர். கும்பல் நுழைந்த வழிதான் வியப்புக்குரியது. தொலைவிலிருந்து வலையமைப்பினுள் பிரவேசிப்பதற்கென முன்னர் வழங்கப்பட்டு, எவராலும் பயன்படுத்தப்படாமலும் எவராலும் மூடப்படாமலும் கிடந்த ஒரு கணக்கு! அதற்குக் கடவுச்சொல்லைத் தவிர வேறு பூட்டு இருக்கவில்லை.

இத்தகைய கணக்குகள் நமது நாட்டில் பெருகுவதற்குக் காரணங்கள் தாராளமாக உள்ளன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைவாய்ப்புக்காக வெளிநாடு சென்றனர். அரச ஊழியர்கள் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அதே ஆண்டு ஜூனில் சுற்றறிக்கை மூலம் வழி திறக்கப்பட்டது. ஓய்வு வயது 60 ஆகக் குறைக்கப்பட்டதால் டிசம்பர் 31ஆம் திகதி பெருந்தொகையினர் ஒரே நாளில் ஓய்வுபெற்றனர். மேசையும் திறப்பும் ஒப்படைக்கப்பட்டன. கணினிக் கணக்கை ஒப்படைக்கும்படி கேட்டவர் எத்தனை பேர்?

பெரும்பாலான நிறுவனங்களில் இக்கணக்குகள் மைக்ரோசொப்ட்டின் 'அக்டிவ் டிரெக்டரி' என்னும் பதிவேட்டில் வைத்துப் பேணப்படுகின்றன. 90 நாட்களாக உட்புகாத கணக்குகளைப் பட்டியலிடு என்று ஒரே கட்டளையில் அதனிடம் கேட்டுவிடலாம். ஆனால் அங்கே ஒரு சிக்கல் உண்டு. பதிவேட்டின் பிரதி கொழும்பில் ஒரு சேவையகத்திலும் திருகோணமலையில் ஒரு சேவையகத்திலும் இருக்கின்றது என வைத்துக்கொள்வோம். துல்லியமான இறுதி உட்புகு நேரத்தை ஒவ்வொரு சேவையகமும் தனக்குள் மாத்திரமே குறித்துக்கொள்ளும், மற்றதற்குச் சொல்வதில்லை. கொழும்பில் மட்டும் பார்த்தால், துறைமுகத்தில் நாள் தவறாது வேலை செய்பவரும் ஒருபோதும் வராதவராகத் தெரிவார். எல்லாச் சேவையகங்களுக்கும் பகிரப்படும் இன்னொரு குறிப்பும் உண்டு. அது இரு வாரங்கள் வரை பின்தங்கியிருக்கக்கூடும். ஆகவே எல்லையை வகுக்கும்போது அந்த இடைவெளியையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஒருமுறையேனும் உட்புகாத கணக்குக்கு நேரமே பதிவாகியிராது. அதற்குத் திறக்கப்பட்ட திகதியைத்தான் பார்க்க வேண்டும்.

பட்டியல் கிடைத்தாலும் அதில் உள்ளவர்கள் அனைவரும் போய்விட்டவர்கள் அல்லர். முழுச் சம்பளத்துடனான 84 நாள் பிரசவ விடுமுறைக்குப் பின்னர் அரைச் சம்பள விடுமுறையையும் தொடரும் தாய் 90 நாள் வலையில் சிக்குவார். கணவனை இழந்து 4 மாதமும் 10 நாட்களும் இத்தா அனுஷ்டிக்கும் முஸ்லிம் பெண்ணும் சிக்குவார். வேறு சில கணக்குகள் மனிதருக்கே உரியவை அல்ல. இரவில் தரவுகளைப் பிரதியெடுக்கும் மென்பொருளுக்கென உருவாக்கப்பட்டவை. ஆண்டில் ஒருமுறை மாத்திரம் இயங்கும் இத்தகைய கணக்கை அவசரத்தில் நீக்கிவிட்டால், ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும் வேளையில்தான் விளைவு தெரியும்.

நமது தேர்தல்களில் இறந்தவர்கள் வந்து வாக்களித்த கதைகளை நாம் அறிவோம். கணினியிலும் அது நடக்கின்றது. ஓய்வுபெற்ற பிரதம லிகிதரின் கடவுச்சொல்லை அறிந்த வேறொருவர் வசதி கருதி அதையே நாள்தோறும் பாவிக்கலாம். அது 'பயன்பாட்டிலுள்ள கணக்கு' என்பதால், எத்தனை நுட்பமாகத் தேடினாலும் மேற்சொன்ன பட்டியலில் அகப்படாது. அதனைப் பிடிப்பதற்கு ஒரே வழி, பதிவேட்டைச் சம்பளப் பட்டியலுடன் வரிக்கு வரி ஒப்பிடுவதாகும். ஒரே அலுவலகத்தில் மூன்று சிவகுமார்களும் நான்கு முஹம்மத்களும் பணியாற்றும் நமது ஊரில் பெயரை வைத்து ஒப்பிடுவது ஆபத்து. ஊழியர் இலக்கம் ஒவ்வொரு கணக்கிலும் பதியப்பட்டிருக்க வேண்டும். ஆளணிப் பிரிவும் கணினிப் பிரிவும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் அமர்ந்தால் அரை நாளில் முடிகின்ற வேலை இது. அவை அமர்வதில்லை என்பதே நடைமுறை.

ஐயத்துக்குரிய கணக்கை உடனே அழித்துவிடக் கூடாது. முதலில் முடக்கி வைத்து, சில மாதங்கள் பொறுத்திருப்பதே முறை. ஒவ்வொரு கணக்குக்கும் கணினி தனக்குள் ஓர் அடையாள எண்ணை வைத்திருக்கின்றது. கோப்புகளுக்கான உரிமைகள் யாவும் அந்த எண்ணுக்கே வழங்கப்பட்டவை. அழித்த பின்னர் அதே பெயரில் புதிய கணக்கைத் திறந்தாலும் எண் வேறாகிவிடும். பழைய உரிமைகள் திரும்பி வாரா. முடக்கிய கணக்கை மீளத் திறப்பதற்கோ ஒரு நிமிடம் போதும். விடுமுறை முடிந்து திரும்பும் அந்தத் தாயும் இத்தா முடித்து வரும் அந்தப் பெண்ணும் முதல் நாள் காலையிலேயே தமது வேலையைத் தொடங்கிவிடலாம்.