பறந்த பிறகே ‘க்ளிக்’!

மலையணிலின் வால் மட்டும் விழுந்த படம் யார் யாரிடம் இருக்கிறது என்று தேனி மாவட்டத்தில் கணக்கெடுத்தால், ரேஷன் கார்டு எண்ணிக்கையை நெருங்கிவிடும். அணில் எங்கே என்று கேட்காதீர்கள். “இப்பத்தாண்ணே தாவுச்சு!” பதில் எல்லாருக்கும் பொது.

போட்டிகளில் ஜெயித்த படங்களைத்தான் எல்லாரும் பார்க்கிறோமே. ஜெயிக்காத படங்கள் எப்படித் தயாராகின்றன என்று பார்க்க வேண்டாமா? வாங்க, அல்லிநகரத்து அமெச்சூர் கேமரா கோஷ்டியோடு ஒரு சனி, ஞாயிறு சுற்றிவிட்டு வருவோம்.

விடிவதற்கு முன்பே நேரு சிலைப் பக்கம் டீக்கடையில் கூடிவிடுகிறார்கள். வங்கி ஊழியர் ஒருவர், செல்போன் கடைக்காரர் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர், கூடவே ஒட்டிக்கொண்ட கல்லூரி மாணவன். உடம்பெல்லாம் இலை அச்சடித்த சட்டை. பறவை கண்ணில் படக் கூடாதாம். காலில் பளீர் ஆரஞ்சு ஷூ! டீ ஆறுவதற்குள் 150-600 லென்ஸா, 200-600 லென்ஸா என்ற பட்டிமன்றம் சூடு பிடித்துவிடுகிறது. மாணவனிடம் இருப்பது மாமா கல்யாணத்துக்கு வாங்கிய கேமராவும் அதோடு வந்த கிட் லென்ஸும்தான். அவன் பேசாமல் வடை தின்கிறான்.

இந்தப் பட்டிமன்றக்காரர்களுக்கு யாராவது மா. கிருஷ்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாவலாசிரியர் மாதவையாவின் மகன், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய இயற்கையியலாளர். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்த பாகங்களைப் பூட்டித் தானே ஒரு கேமராவை ஒப்பேற்றி, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். அதை வைத்துத்தான் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துத் தள்ளினார். ஆட்டோ ஃபோகஸ் எல்லாம் கிடையாது.

சின்னமனூர் தாண்டி, மேகமலைக்குப் போகிற வழியில் தென்பழனி செக்போஸ்ட். முதல் அடி இங்கே விழுகிறது. கேமராக்காரர்கள் உயிரை விடுவது சூரியன் எழும்போது வரும் பொன் வெளிச்சத்துக்கு. வனத்துறை கேட்டைத் திறப்பதோ காலை ஆறு மணிக்கு. பெயரை எழுதி, பையைக் காட்டி, பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறி (வளைவுகளுக்குச் சங்க இலக்கியப் பூக்களின் பெயர், நின்று படிக்க யாருக்கு நேரம்?) மேலே போய்ச் சேர்வதற்குள் பொன் வெளுத்துவிடுகிறது. சில நாள் வெளிச்சமே இல்லை, ஒரே மூட்டம். ஊர்ப் பெயரே மேகமலை. மேகம் வந்தால் கோபித்துக்கொள்ள முடியுமா?

தேயிலைத் தோட்டத்து ஓரமாக நிற்கும்போது தலைக்கு மேல் ‘வூஷ்... வூஷ்...’ என்று இறக்கைச் சத்தம்.

“அண்ணே, இருவாச்சி!”

அடுத்து நடப்பதை ஸ்லோ மோஷனில் பார்க்க வேண்டும். வங்கிக்காரர் கேமராவைத் தூக்குகிறார். லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை. செல்போன் கடைக்காரர் மூடியைக் கழற்றிவிட்டார்; மெமரி கார்டு நிறைந்துவிட்டது. செக்போஸ்ட்டிலிருந்து பனிமூட்டத்தையே நானூறு தடவை எடுத்தவர் அவர். ஆசிரியர் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்கிறார். அவருடைய ஆட்டோ ஃபோகஸ் குறுக்கே நீட்டிய ஓர் இலையை நரம்பு நரம்பாகப் பிடித்துக்கொண்டு, பின்னால் போகிற பறவையை மஞ்சளும் கறுப்புமாகக் கலைத்துவிடுகிறது. மாணவன் வாயைப் பிளந்தபடி அண்ணாந்து நிற்கிறான். நான்கு பேரில் இருவாச்சியைக் கண்ணாரப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

கொழுந்து பறிக்கப் போகிற அக்கா ஒருவர் இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: “தெனம் இந்நேரத்துக்கு அந்த அத்தி மரத்துக்கு வருமேப்பா. மொதல்லயே கேட்டிருக்கலாம்ல?”

இந்த மலையிடம் அவசரம் செல்லாது. 1948-ல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் இங்கே ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். வேறொரு வௌவாலின் பெயர்ச்சீட்டோடு அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் கிடந்தது. தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா அதைக் கூர்ந்து பார்த்து, இது தனிப் பேரினம் என்று 1972-ல் அறிவித்து, பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். ஒரு வௌவாலுக்கு 24 வருஷம் ஆகியிருக்கிறது. நம் ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்குள் பரிசுப் படம் கேட்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஞானம் பிறந்து, உள்ளூர் மீறுசமுத்திரம் கண்மாய்க்கே வந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜாவே 1977-ல் தன் முதல் படத்துக்குக் கிராமம் தேடி கர்நாடகத்துக் கொள்ளேகால் வரை போனவர்தானே!

இரவெல்லாம் ஏ.சி. அறையில் இருந்த வங்கிக்காரரின் லென்ஸ், கரையின் ஈரக்காற்று பட்டதும் ஆவி பிடித்துவிட்டது. துடைக்கத் துடைக்கப் படிகிறது. சூடு ஏறும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. இன்னொரு பக்கம், பனங்காடை ஒன்று அற்புதமான நீலத்தில் உட்கார்ந்திருக்கிறது. எங்கே? மின்கம்பியில். இயற்கைப் பிரிவுப் போட்டிகளில் மனிதக் கைவேலை பெரும்பாலும் படத்துக்குள் வரக் கூடாது. கம்பி தெரிந்தால் கதை முடிந்தது.

ஆசிரியர் மட்டும் அசையாமல் உட்கார்ந்துவிட்டார். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி அமெச்சூர்களின் நண்பன். பாய்வதற்கு முன் அந்தரத்தில் ஒரே இடத்தில் இறக்கையடித்து நிற்கும். நின்றது. பாய்ந்தது. மீனோடு எழுந்தது. 1/2000 நொடியில் நீர்த்துளி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்திருக்கிறது! கரையே ஆடிப்போயிற்று. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், மீன்கொத்திக்குப் பின்னால் சாவகாசமாக மிதக்கிறது ஒரு பிளாஸ்டிக் பாட்டில்.

“அழிச்சிரலாம் சார், ரெண்டு நிமிஷ வேலை” என்கிறார் செல்போன் கடைக்காரர். கூடவே கூடாது! பெரிய போட்டிகளில் கேமராவிலிருந்து வந்த ரா ஃபைலைக் கேட்பார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகப் போட்டியில் 2017-ல் பரிசு வாங்கிய எறும்புத்தின்னிப் படம் 2018-ல் தகுதி இழந்தது. காரணம், படத்தில் இருந்தது பிரேசில் தேசியப் பூங்கா ஒன்றின் வாசலில் பஞ்சடைத்து வைத்திருந்த எறும்புத்தின்னி என்று நிபுணர்கள் முடிவு செய்தார்கள். அதற்குப் பிளாஸ்டிக் பாட்டிலே மேல்.

வார இறுதிக்காரர்கள் ஜெயிப்பதே இல்லையா? ஜெயிக்கிறார்கள். நேஷனல் ஜியாக்ரஃபிக் 2023-ல் முடிவு அறிவித்த போட்டியில், கிட்டத்தட்ட 5,000 படங்களுக்கு நடுவே முதலிடம் பிடித்தவர் கார்த்திக் சுப்ரமணியம். சான் ஃபிரான்சிஸ்கோவில் மென்பொருள் பொறியாளர். அலாஸ்காவில் கழுகுகள் மீனுக்குக் கூடும் இடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, அவற்றின் நடமாட்டத்தைக் கவனித்து எடுத்த படம் அது.

உங்களுக்கும் சறுக்கிய குரங்கு, மூக்கைச் சுளித்த ஆந்தை என்றுதான் மாட்டுகிறதா? அழித்துவிடாதீர்கள். ‘காமெடி வைல்டுலைஃப்’ என்று அதற்கென்றே ஒரு சர்வதேசப் போட்டி 2015 முதல் நடக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. படம் மட்டும் கொஞ்சம் ஆடாமல் இருக்கட்டும்.