பதின்மூன்று ஆண்டு ஏக்கத்தைத் தீர்த்த கராத்தே தங்கம்

பல்கேரியாவில் கராத்தே வீராங்கனை இவெட் கோரனோவாவை மக்கள் ஏன் அவ்வளவு கொண்டாடினார்கள் என்பது புரிய, அந்த நாட்டின் ஏக்கம் தெரிய வேண்டும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் துடுப்புப் படகு வீராங்கனை ருமியானா நெய்கோவா தங்கம் வென்றார். அதன்பின் லண்டனிலும் ரியோவிலும் ஒரு தங்கம்கூட இல்லை. பளுதூக்குதலில் உலகையே மிரட்டிய நாடு அது. ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கி, ரியோவுக்குப் பளுதூக்கும் அணியை அனுப்பவே முடியாமல் போனது.

அந்த வறட்சியைத்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கோரனோவா முடித்துவைத்தார். அப்போது வயது 21. வடக்கு பல்கேரியாவில், விமானப்படைக் கல்லூரிக்குப் பெயர்பெற்ற தோல்னா மித்ரோபோலியா என்ற சிற்றூரில் பிறந்தவர். டோக்கியோ ஒலிம்பிக்கில், நிப்பான் புடோகான் அரங்கில், கொரோனாவால் பார்வையாளர் இல்லாத நிலையில், கராத்தே 55 கிலோ பிரிவு இறுதிப் போட்டியில் உக்ரைனின் அன்ஷெலிகா தெர்லியுகாவை 5-1 என வீழ்த்தினார்.

அவர் ஆடியது குமித்தே, அதாவது நேருக்கு நேர் மோதும் சண்டை. மூன்று நிமிடம். கைக்குத்து விழுந்தால் 1 புள்ளி, உடலில் உதை விழுந்தால் 2, தலைக்கு உதை என்றால் 3. அடி வேகமாகப் போக வேண்டும்; ஆனால் எதிராளியைக் காயப்படுத்தாமல் கட்டுக்குள் நிற்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடுதான் கராத்தேயின் அழகு. உலகப் போட்டிகளில் 50 கிலோ, 55 கிலோ என்று தனித்தனியாக இருக்கும் பிரிவுகளை ஒலிம்பிக்கில் ஒன்றாக்கியிருந்தார்கள். களத்தில் வெறும் 10 பேர். அதில் ஓர் இடத்தைப் பிடிப்பதே பெரும்பாடு.

அடுத்த சில நாட்களில் குத்துச்சண்டையில் ஸ்தோய்கா கிராஸ்தேவாவும், ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் குழுவும் தங்கம் வென்றனர். டோக்கியோவில் பல்கேரியா பெற்ற 6 பதக்கங்களும் பெண்கள் வென்றவை. ஆண்களின் பளுதூக்குதலையும் மல்யுத்தத்தையும் வைத்தே பெருமை பேசிவந்த நாட்டில் இது சாதாரணச் சேதி அல்ல. அந்த வரிசையில் முதல் தங்கம் என்பதால் கோரனோவாவுக்குத் தனி இடம்.

ஆனால் அந்தப் பட்டத்தைத் தக்கவைக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்க்க 2016இல் முடிவான கராத்தே, டோக்கியோவோடு வெளியேறிவிட்டது. பாரிஸ் 2024 அதை ஒதுக்கி பிரேக் டான்ஸைச் சேர்த்தது. லாஸ் ஏஞ்சலஸ் 2028இல் கிரிக்கெட் வருகிறது, கராத்தே இல்லை. ஊர் ஊராகப் பிள்ளைகள் பயிலும் ஒரு கலையை ஒரே ஒருமுறை மேடையேற்றிவிட்டு இறக்கிவிட்டது அநியாயம். ஒலிம்பிக் குழு இந்த முடிவை மாற்ற வேண்டும்.