கேட்டால் குறைந்தா போய்விடும்?

கணபதியில் பட்டறை வைத்திருப்பவர் எவராவது ஒரே இடத்தில் விலை கேட்டு லேத் வாங்கியதுண்டா? மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்குவார். வண்டிக் கூலி, வரி எல்லாம் சேர்த்தா என்று துருவித் துருவிக் கேட்பார். அதே மனிதர், மகளுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து மேல்படிப்புக் கடிதம் வந்தால் மட்டும் வாயடைத்துப் போகிறார். "இடம் கிடைத்ததே பாக்கியம்!" என்று வீட்டுப் பத்திரத்துடன் பாங்கிக்குப் புறப்பட்டு விடுகிறார்.

சற்றுப் பொறுங்கள்! அந்தக் கடிதமும் ஒரு கொட்டேஷன்தான்.

ஆராய்ச்சிப் படிப்புக்கும், சில இடங்களில் எம்.எஸ். படிப்புக்கும், சம்பளத்தைத் தள்ளுபடி செய்து, பாடம் நடத்தவோ ஆராய்ச்சிக்கு உதவவோ மாதந்தோறும் பணமும் தருகிறார்கள். இரண்டு கடிதங்கள் வந்திருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒன்றில் மாதம் 2,800 டாலர்; மற்றதில் 2,400. முதலாவதுதான் உசத்தி என்று தோன்றும். ஆனால் முதலாவது 9 மாதத்துக்கு மட்டும், வருஷத்துக்கு 25,200. இரண்டாவது 12 மாதமும் உண்டு, 28,800! இதர கட்டணங்கள், வைத்திய இன்ஷூரன்ஸ் யார் பொறுப்பு, எத்தனை வருஷத்துக்கு உத்தரவாதம் என்பதையும் பார்க்க வேண்டும். பள்ளி நடக்கும் காலத்தில் மாணவர் விசாவில் வாரம் 20 மணிக்கு மேல் வளாகத்தில் வேலை செய்ய முடியாது. குறைவதை அங்கே போய்ச் சம்பாதித்துக் கொள்ளலாம் என்பது நடவாது.

"ஏன் அம்மிணி, சேத்திக் கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டாங்களா?"

"மரியாதையாக் கேட்டா என்னங்கப்பா தப்பு?"

மகள் சொல்வதே சரி. துறைத் தலைவருக்கோ, சேர்க்கையைக் கவனிப்பவருக்கோ நாலு வரி போதும்: 'தங்களிடம் படிக்கவே விருப்பம். வேறிடத்தில் இவ்வளவு தருகிறார்கள். கடிதத்தை இணைத்திருக்கிறேன். ஏதேனும் கூட்ட இயலுமா?' இல்லாததை இருப்பதாக எழுதக் கூடாது.

அவகாசமும் உண்டு. அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கவுன்சில் தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்களில், உதவித்தொகை பற்றி ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஒப்புக் கொண்ட பின் பேரம் பேசுவது மட்டும் அழகல்ல.

'முடியாது' என்று பதில் வந்தால்? வந்து போகட்டும்! பணிவாகக் கேட்டதற்காக, கொடுத்ததைப் பிடுங்கிக் கொள்வது வழக்கமில்லை. 'சரி' என்று வந்தாலோ, வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கும்!