அம்மா குரலைவிட அந்நியர் குரல் ஈர்க்கும் வயது எது தெரியுமா?

பதின்மூன்று! அந்த வயதை ஒட்டித்தான் அந்தத் திருப்பம் நடக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 7 முதல் 16 வயது வரையான பிள்ளைகளை எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் படுக்கவைத்து, அர்த்தமே இல்லாத சில சொற்களைக் காதில் ஒலிக்கவிட்டார்கள். பெற்ற தாயின் குரலில் ஒரு தரம், முன்பின் தெரியாத பெண்களின் குரலில் ஒரு தரம். சின்னப் பிள்ளைகளுக்கு அம்மா குரல் கேட்டதுமே மூளையில் மகிழ்ச்சியை உணரும் பகுதி விழித்துக்கொண்டது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கோ அதே பகுதி தெரியாதவர் குரலுக்குத்தான் கூடுதலாக விழித்தது! 2022-ல் வெளியான ஆய்வு இது. மகனானாலும் மகளானாலும் இதில் வித்தியாசம் இல்லையாம்.

“சோறு ஆறிப்போகுது, வாடா” என்று நாலு தரம் கூப்பிட்டும் அசையாதவன், வாசலில் நண்பனின் விசில் கேட்டதும் செருப்புகூட மாட்டாமல் ஓடுகிறானே, அதைத் திமிர் என்றுதானே இத்தனை நாளும் திட்டினோம்! நாளைக்கு வெளியுலகத்தில் பிழைக்கப்போகிற பிள்ளையின் காது இப்போதே வெளியே திரும்பத் தொடங்கிவிட்டது. எனக்கு இது பெரிய ஆறுதல்.

நாய்க்குட்டிக்கும் விடலைப் பருவம் உண்டு, தெரியுமா? பிரிட்டனில் வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட குட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் ஜாதி. 5 மாதத்தில் வளர்ப்பவர் “உட்கார்” என்றதும் உட்கார்ந்த குட்டி, 8 மாதத்தில் அவர் சொன்னால் எளிதில் காதில் வாங்கவில்லை. அதே வார்த்தையை யாரோ ஒரு அந்நியர் சொன்னால் கேட்டது! “பக்கத்து வீட்டு அக்கா சொன்னா செய்றா, நான் சொன்னா முகத்தைத் தூக்கி வெச்சுக்கிறா” என்று புலம்பாத வீடு உண்டா? ஒரு வயதை நெருங்கும்போது குட்டிகள் மறுபடி வழிக்கு வந்துவிட்டன.

காலையில் எழ மறுக்கும் தூக்கச் சண்டைக்கும் காரணம் உடம்புக்குள் இருக்கிறது. தூக்கம் வரவழைக்கும் மெலடோனின் பதின்வயதில் ஓரிரு மணி நேரம் தாமதமாகவே சுரக்கிறது. அதனால்தான் கலிபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று சட்டமே வந்தது!

இனி யானைக் கதை. தென் ஆப்பிரிக்காவின் பிலானெஸ்பெர்க் பூங்காவில் 1992 முதல் 1997 வரை 40-க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன. கொன்றது யார் தெரியுமா? விடலை ஆண் யானைகள்! க்ரூகர் காட்டில் குடும்பத்தை இழந்து, கன்றாக இங்கே கொண்டுவரப்பட்டு, மூத்த ஆண் யானைகளே இல்லாமல் வளர்ந்தவை. வயதுக்கு முந்தி மதம் பிடித்து, நெடுநாள் இறங்காமல் திரிந்தன. 1998-ல் க்ரூகரிலிருந்து வயதில் மூத்த 6 ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். விடலைகளின் மதம் அடங்கியது, கொலைகள் நின்றன! சங்கிலி இல்லை, அங்குசம் இல்லை. பெரிய களிறுகள் கூட இருந்ததே போதுமாக இருந்தது. பருவம் வந்ததும் ஆண் யானை தாயின் கூட்டத்தை விட்டு விலகிப்போவது இயற்கை. போகிற இடத்தில் மூத்தவர் யாராவது இருக்க வேண்டும், அவ்வளவே. அப்பாவிடம் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிற பையன் மாமாவிடமும் சித்தப்பாவிடமும் மணிக்கணக்கில் பேசும்போது பொறாமைப்படாதீர்கள்!

என் மனதைத் தொட்டது இன்னொன்று. சிகாகோவை ஒட்டிய புறநகர்களில் 220 பிள்ளைகளிடம் பேஜரைக் கொடுத்து, அது அடிக்கும்போதெல்லாம் யாரோடு இருக்கிறாய், மனசு எப்படி இருக்கிறது என்று எழுதச் சொன்னார்கள். 10 வயது முதல் 18 வரை. விழித்திருக்கும் நேரத்தில் குடும்பத்தோடு கழித்தது 35 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகச் சரிந்தது! நெஞ்சு பதறுகிறதா? மிச்சத்தையும் கேளுங்கள். அம்மாவோடு தனியாக, அப்பாவோடு தனியாகக் கழித்த நேரம் கிட்டத்தட்ட குறையவே இல்லை! அடுப்படியில் பக்கத்தில் நின்றபடியோ, ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்தபடியோ இருவர் மட்டும் பேசுகிற அந்த மாதிரி நேரம் அப்படியே நின்றிருக்கிறது. வீட்டாரோடு இருக்கையில் நடுவில் இருண்டுபோன மனசும் பிந்திய வருடங்களில் மறுபடி தெளிந்தது. அப்போது பேச்சை நடத்திச் செல்வது முன்னைவிட அதிகமாகத் தாங்கள்தான் என்று பிள்ளைகளே எழுதியிருந்தார்கள்.