ஓடி முடித்தால் தோசை
பெங்களூருவில் ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூர ஓட்டம் முடிவது பூங்காவில் அல்ல, டிபன் அறையில். இந்த ஆனந்தத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது.

ஞாயிறு காலை. லால்பாக் தோட்டத்து வாசலில் வியர்வையில் தொப்பலாக நனைந்த ஒரு கூட்டம். பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியவர்கள். மென்பொருள் நிறுவன மேலாளர், வங்கி அதிகாரி, கல்லூரி ஆசிரியை என்று பல ரகம். இருட்டிலேயே கிளம்பி 18, 20 கிலோமீட்டர் ஓடி முடித்தவர்கள். இப்போது நடக்கும் காரசாரமான விவாதம் யார் வேகமாக ஓடினார் என்பது பற்றியல்ல. மாவள்ளி டிபன் ரூம்ஸ் போவதா, காந்தி பஜார் வித்யார்த்தி பவனுக்குப் போவதா?

ஓடுவதற்குத் தோதான ஊர் இது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், அதனால் இதமான விடியற்காலை. ஹைதர் அலி 1760ல் தொடங்கிய லால்பாக் இன்று 240 ஏக்கர். கப்பன் பூங்காவுக்கு வயது 150க்கு மேல். மும்பை மாரத்தான் 2004லும் டில்லி அரை மாரத்தான் 2005லும் தொடங்கின. 2008ல் பெங்களூருவும் தன் 10 கிலோமீட்டர் பந்தயத்தோடு சேர்ந்துகொண்டது. அதுவரை ஓட்டம் என்றால் பஸ்ஸைப் பிடிக்க மட்டும்தான் என்றிருந்த நடுத்தர வர்க்கம் காலணி வாங்கக் கிளம்பியது.

'பிரஞ்ச்' என்ற சொல்லை 1895ல் அச்சில் ஏற்றியவர் கய் பெரிங்கர் என்ற ஆங்கிலேய எழுத்தாளர். காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கிவிடும் இந்த ஏற்பாட்டை அவர் சிபாரிசு செய்தது, சனிக்கிழமை இரவு கூத்தடித்துவிட்டு ஞாயிறன்று தாமதமாக எழுபவர்களுக்கு. பெங்களூரு ஓட்டக்காரர்கள் அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். சனிக்கிழமை ஒன்பது மணிக்கே படுத்து, ஞாயிறு நாலு மணிக்கு எழுபவர்களின் விருந்து இது. நட்சத்திர ஹோட்டல் பஃபேயும் இதற்குத் தேவையில்லை.

1924ல் பிறந்த மாவள்ளி டிபன் ரூம்ஸில் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மசாலா தோசையோடு சின்னக் கிண்ணத்தில் நெய் வரும். இரண்டாம் உலகப் போரின்போது அரிசிக்குத் தட்டுப்பாடு வந்ததால் இங்கே பிறந்ததுதான் ரவா இட்லி என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. 1943ல் தொடங்கிய வித்யார்த்தி பவனில் தோசை தடிமன், ஆனால் மொறுமொறுப்பு. மல்லேஸ்வரம் பக்கம் ஓடுபவர்களுக்கு சி.டி.ஆர். பெண்ணெ தோசை. எங்கே போனாலும் இடம் கிடைக்க நேரமாகும். யாரும் முணுமுணுப்பதில்லை. வாரம் முழுவதும் கணினி முன்னால் நின்றபடி சாண்ட்விச் கடித்தவர்களுக்கு, அவசரமில்லாமல் காத்திருப்பதே ஒரு சுகம்.

ஆனால் உடம்பு காத்திருக்காது. தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைத்த சர்க்கரையில் பெரும்பங்கை இரண்டு மணி நேர ஓட்டம் கரைத்துவிடுகிறது. ஓட்டம் முடிந்த முதல் சில மணி நேரத்தில்தான் தசைகள் அதை வேகமாக நிரப்பிக்கொள்கின்றன. ஏழரைக்கு ஓட்டத்தை முடித்து, பத்தரைக்கு முதல் கவளத்தை வாயில் வைப்பது தசைகளைப் பட்டினி போடுவதுதான். அனுபவசாலிகள் பூங்கா வாசலிலேயே இரண்டு வாழைப்பழமும் உப்புப் போட்ட மோரும் முடித்துக்கொள்கிறார்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்டவர்களில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது.

அடுத்தது கலோரிக் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவர் 20 கிலோமீட்டர் ஓடினால் செலவாவது சுமார் 1,200 கலோரி. நெய் மசாலா தோசை, இரண்டு வடை, கேசரி பாத், இரண்டு காபி என்று அடுக்கினால் அதில் பெரும்பகுதி ஒரே அமர்வில் திரும்பி வந்துவிடும். 'ஓடியாச்சு, இனி என்ன?' என்று மாலையிலும் இரவிலும் அந்தச் சலுகையை நீட்டிப்பவர்களுக்கு, மாதக் கடைசியில் எடை பார்க்கும் இயந்திரம் பதில் சொல்லும்.

இது வெறும் தொப்பை விவகாரமல்ல. 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அப்பாவின் மாத்திரை டப்பாவைப் பார்த்து மிரண்டு ஓட ஆரம்பித்தவர்கள் இந்தக் கூட்டத்தில் உண்டு. ஏற்கெனவே நோய் வந்தவர்களும் உண்டு. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்களுக்கு ஆபத்து இரு பக்கமும் இருக்கிறது. சாப்பாடு தள்ளிப்போனால் அங்கேயே தலைசுற்றலாம். நெடுந்தூர ஓட்டத்தின் விளைவாக அன்றிரவு தூக்கத்திலும் சர்க்கரை தாழலாம். மருந்தின் அளவு பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஓடத் தொடங்கும் முன்பே.

இதற்காகத் தோசையைத் துறக்க வேண்டுமா? வேண்டியதில்லை. மாவுச்சத்துக்கு இட்லி, தோசை. புரதத்துக்குச் சாம்பார் பருப்பு, தயிர். வியர்வையில் போன உப்புக்குச் சட்னியும் சாம்பாரும். நம் டிபன் அறைகளின் பட்டியலில் ஓட்டக்காரனுக்கு வேண்டியது எல்லாமே இருக்கிறது. பழக்கப்பட்டவர்களுக்கு அளவான காபியும் உடலை வறட்டிவிடாது.

முழங்கால் வலி, பிள்ளைகளின் பரீட்சை, அடுத்த பந்தயம் என்று பேச்சு நீளட்டும். சாலையில் காட்டிய அவசரம் சாப்பாட்டு மேஜையில் வேண்டாம். இரண்டாவது காபி வரலாம். இரண்டாவது கேசரி பாத்தை அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம்.